கல் இருந்த இடம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரகடம் பக்கம் நிலம் அளக்கும் தொழிலில் பெண்கள் குறைவு. பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நான் செய்த காரியத்துக்கு அவரிடம் போய் விசாரிப்பார்கள். என்னால் அவர் பட்டது போதும்.

குள்ளமான உருவம். வெயிலுக்கு ஆண்கள் கட்டுவதுபோலத் தலையில் ஒரு துண்டு, சுடிதாருக்குக் கீழே கட்டட வேலைக்காரர்கள் போடும் கனத்த பூட்ஸ். அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். யாரையாவது திட்டிக்கொண்டேதான் வருவார். வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு சிற்றூர்க்காரர். குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது அளக்க வந்தவர்கள் தப்பாக அளந்தார்கள் என்ற கோபத்தில் சர்வே படித்ததாகச் சொல்வார். அது உண்மையா விளையாட்டா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. பிறகு தபால் வழியில் தொல்லியலும் படித்து முடித்திருந்தார்.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஸ்ரீபெரும்புதூரில் வீடு. தொழிற்சாலை எழும்பும் இடங்களில் மண் எப்படி, சுமை தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் ஆலோசகராக அப்போது அலைந்துகொண்டிருந்தேன். முதல் நாளே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வயல் நடுவே நாற்காலி போட்டு உட்கார இடம் பார்த்தபோது எல்லைக்கு நட்டிருந்த ஒரு முளைக்குச்சி இடைஞ்சலாக இருந்தது. பிடுங்கி, கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"யார் சார் இதைப் புடுங்குனது?"

"நான்தாம்மா. திரும்ப நட்டுட்டேனே."

"எங்க நட்டீங்க?"

"இங்கதான், பக்கத்துலயே."

"பக்கத்துலயா! சார், நீங்க புடுங்குனது குச்சி இல்ல. அடுத்த வூட்டுக்காரனோட நெலம். இப்ப ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவான். தீர்ப்பு வர்றப்ப நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

அன்று மத்தியானம் முழுக்க முதலிலிருந்து அளந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்ததும் தன் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் வைத்து நீட்டினார். "சாப்புடுங்க. நாற்காலிய மட்டும் நகத்தாதீங்க" என்றார்.

இதுதான் அவர். எதையும் இருந்த இடத்திலிருந்து எடுக்க விடமாட்டார். எடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டும். "இருக்கட்டும், அங்கியே இருக்கட்டும்" என்பது அவர் வாயில் நாளைக்குப் பத்து முறையாவது வரும். வீட்டிலும் இப்படித்தானா என்று ஒருமுறை கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு மூக்குக் கண்ணாடிய ஃப்ரிட்ஜ் மேல வெச்சா அது அங்கதான் இருக்கும் சார். தேடறது அவர் பாடு. நான் எடுத்து மேசையில வெச்சேன்னு வையுங்க, நாளைக்கு நான்தான் தொலைச்சேன்னு பேச்சு வரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய அந்தப் பிடிவாதத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்குள் எப்போதும் ஒரு சின்னப் பயமும் இருந்தது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் கை சும்மா இருக்காது.

ஒருநாள் வாலாஜாபாத் சாலையில் என் கண்ணெதிரே ஒரு விபத்து. ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு வேன் பைக்கில் வந்தவரை இடித்துவிட்டது. இவர்தான் முதலில் ஓடினார். அடிபட்டவரை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து சாலை நடுவே நின்றுகொண்டார். பைக், ஹெல்மெட், ஒற்றைச் செருப்பு எல்லாம் சிதறிக் கிடந்தன. பின்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. வேன் டிரைவர் பைக்கை ஓரமாக இழுக்கப் போனார்.

"தொடாத!"

"டிராபிக் நிக்குதும்மா."

"நிக்கட்டும். ஆளைத் தூக்கியாச்சு இல்ல? செருப்பைத் தூக்காத. போலீஸ் வரட்டும்."

"நீ இன்னா மேஜிஸ்ட்ரேட்டா? அவனுக்கு நீ இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். செருப்பு மட்டும் அங்கியே கிடக்கணும்."

லாரிக்காரர்கள் இறங்கி வந்து காது கூசும்படி பேசினார்கள். ஒருவர் வண்டியை உறுமவிட்டு அவர் முழங்கால் வரை கொண்டுவந்து நிறுத்தினார். அவர் அசையவில்லை. நான் கடை ஓரம் நின்று, அவர் கொஞ்சம் விலகினால் நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்து அளந்தபோது, வேன்தான் எதிர்ப்பக்கமாக ஏறி வந்திருக்கிறது என்பது அந்தச் செருப்பு கிடந்த இடத்தால்தான் தெரிந்தது. அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பனியுகத்தைப் பற்றிச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒரு சரளை மேடு இருந்தது. தாழ்வான ஒரு இடத்தை நிரப்பிக் கிடங்கு கட்ட, அந்த மேட்டை வெட்டி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணின் தரத்தைப் பார்க்க நான் போயிருந்தேன், எவ்வளவு மண் கிடைக்கும் என்று அளக்க அவர். வெட்டிய சுவரில் மேலே செங்கல் நிறத்தில் கெட்டியான சரளை. அதற்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்கு வெளிறிய மணல், அங்கங்கே சுண்ணாம்புக் கட்டிகள். அதற்கும் கீழே மறுபடி சிவப்பு. அந்த வெளிறிய பட்டையிலிருந்து இரண்டு கல் விளிம்புகள் நாக்கை நீட்டினதுபோல வெளியே தெரிந்தன. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கைக்கோடரிகள். ஆதி மனிதர்கள், நமக்கு மிக முந்திய, நம்மைப் போன்ற முகம்கூட இல்லாத மனிதர்கள், கூழாங்கல்லை இரண்டு பக்கமும் செதுக்கிச் செய்தவை.

என் கை தானாக நீண்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சார். இருக்கட்டும்."

மேனேஜர், அதாவது மண் காண்டிராக்டரின் ஆள், எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்துக்காரர்தான். எப்போதும் சிரித்த முகம், எப்போதும் காதில் போன்.

"இன்னா சார் அது, சிலையா?"

"கல் ஆயுதம்ப்பா. பனியுகத்துக் காலத்தது."

"ஐஸா? ஒரகடத்துலயா? மார்கழியிலயே ஃபேன் போட்டுக்கினுதான் சார் தூங்குறோம்!"

"இங்க ஐஸ் இல்ல. வடக்க ரொம்ப தூரத்துல மலை மலையா உறைஞ்சு நின்னுது. தண்ணியெல்லாம் அதுல போய் மாட்டிக்கிச்சு. கடல் உள்ள போயிடுச்சு. இங்க மழை குறைஞ்சு போச்சு. நமக்குப் பனியுகம்னா குளிர் இல்ல, பஞ்சம்."

"அப்ப போர்வை விக்கிறவன் பொழைச்சிருக்க மாட்டான்" என்று சிரித்துவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஆனால் சுரண்டி எடுக்கும் இயந்திரத்தை, அந்தப் பொக்லைனை, ஓட்டுபவர் இறங்கி வந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கமுதிப் பக்கத்துக்காரர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். மேலே சிவப்பு, நடுவில் வெளுப்பு, கீழே சிவப்பு என்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். சிவப்புச் சரளை ஆறு புரண்டு ஓடிய நல்ல மழைக்காலம், வெளிறிய மணலும் சுண்ணாம்பும் வறண்ட காலம் என்றேன்.

சர்வேக்காரர் உடனே குதித்தார். "அதான் சார் கேள்வி! மழை போனப்ப அவங்க இங்கயே இருந்தாங்களா, இல்ல இடத்தைக் காலி பண்ணிட்டு மழை வந்தப்புறம் திரும்பி வந்தாங்களா? கல்லு மணலுக்குள்ள கீதுன்னா இருந்தாங்கன்னு அர்த்தம். மேல சரளையில இருந்து உருண்டு வந்து ஒட்டிக்கிச்சுன்னா அர்த்தம் வேற."

"மழ இல்லைன்னா எவன்க்கா இருப்பான்?" என்றார் ஓட்டுநர். "நான் ஒரகடத்துக்கு வரலையா?"

"உங்க அப்பா வந்தாரா?"

"அவரு வரமாட்டாரு. அந்தக் கருவேலங்காட்டை விட்டு எங்கிட்டும் அசைய மாட்டாரு."

"பாத்தீங்களா? ரெண்டு மாதிரி ஆளும் அப்பவும் இருந்திருப்பாங்க. எந்த மாதிரி ஆளு இங்க உக்காந்து இந்தக் கல்லைச் செதுக்குனாருன்னு தெரியணும்."

அதன் பிறகு ஓட்டுநர் அந்தச் சுவர்ப்பக்கம் இயந்திரத்தைக் கொண்டுபோகவே இல்லை. மறுபக்கம் தோண்டினார். மேனேஜர் கேட்டதற்கு, இங்கே கல் அதிகம், பக்கெட்டின் பல் உடையும் என்று சொல்லிவிட்டார்.

சர்வேக்காரர் தொல்லியல் அலுவலகம் ஒன்றுக்கு நடையாக நடந்தார். கடைசியில் ஓர் அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை சொந்தப் பொறுப்பில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். கற்கள் இருந்த இடத்திலேயே இருந்து, அந்த அடுக்கு கலையாமல் இருந்தால், மேட்டின் அந்தப் பக்கத்தை ஆய்வுக்கு நிறுத்திவைக்கும்படி எழுதுவார். கல்லை ஒட்டிய மணலை வெளிச்சம் படாமல் எடுத்தால் காலத்தையும் கணிக்கலாம். மேனேஜர் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் லாரிகள் வந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மழை பெய்தது. சர்வேக்காரர் தார்ப்பாய் கட்டிச் சுவரைக் காப்பாற்றியிருந்தார். ஞாயிறு காலை அதிகாரியை அழைத்துவர ஸ்கூட்டரில் வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"சார், நீங்க சொன்னாத்தான் மேனேஜர் கேப்பாரு. நான் வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க, அது போதும்."

"போய் வாம்மா. நான் இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"சார், ஒரு விஷயம். எனக்கு மண்ணு வேணும், உங்களுக்குக் கல்லு வேணும். இதுல சண்டை எங்க கீது? கல்லை நீங்க எடுத்துக்கோங்க, மண்ணை நான் எடுத்துக்கறேன். மேடம் வந்ததும் கையில குடுங்க, சந்தோஷப்படுவாங்க. படிச்சவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அதெல்லாம் முடியாதுப்பா."

"ஆபீசர் வந்து ஸ்டே போட்டுட்டார்னா இங்க வேலை பாக்கற அம்பது பேரு சோத்துக்கு இன்னா பண்ணுவான்? யோசிங்க." அவருடைய போன் அடித்தது. சாலைப் பக்கம் போய்விட்டார்.

ஓட்டுநர் இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க கவலைப்படாதீங்க சார். அக்கா வராம நான் சாவியவே போட மாட்டேன். அந்தாளு கத்துனா கத்தட்டும்" என்றார். இயந்திரம் எண்பது, நூறு அடி தள்ளி நின்றது. அணைத்துதான் இருந்தது. அதை நான் திருத்தமாகச் சொல்லியாக வேண்டும். அணைத்துதான் இருந்தது.

நான் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். மழை ஈரத்தில் சுவரின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்து, ஒரு கல் முன்பைவிட அதிகமாக வெளியே வந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில், ஆலிலை வடிவில். ஒவ்வொரு செதுக்கலும் தனித்தனியாகத் தெரிந்தது. முப்பத்து சொச்சம் ஆண்டு இதைப் பற்றிக் கரும்பலகையில் படம் வரைந்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன். மண்ணிலிருந்து என் கையால் ஒன்றுகூட எடுத்ததில்லை. அதிகாரி வந்துவிட்டால் இனி எடுக்கப்போவதும் இல்லை. பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், கயிறு கட்டுவார்கள், நான் கயிற்றுக்கு வெளியே நிற்பேன்.

கல் இன்னும் உதிர்ந்து விழுந்து உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாரிகள் சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய் என்று சொல்லும்போதே தெரியும். பையிலிருந்த நிலவியல் சுத்தியலின் கூர்முனையை மணலில் செருகினேன். கல் மெதுவாக அசைந்து என் கைக்கு வந்தது.

அது கையில் பொருந்திய விதத்தை என்னால் சொல்ல முடியாது. கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் இருந்தது. எனக்காகவே செய்ததுபோல இருந்தது. அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் இன்னொன்று, அதன் பின்னால் மூன்றாவது. சுத்தியலால் குத்திக் குத்தி, கையால் வாரி, அந்த வெளிறிய பட்டையில் ஒரு பெரிய பொந்தே போட்டுவிட்டேன். மேலே இருந்த செஞ்சரளை சரிந்து மணலோடு கலந்தது. மூச்சு வாங்கியது. சின்ன வயதில் திருட்டு மாங்காய் பறித்தபோது இருந்த மூச்சு. ஒரு சாக்கை விரித்துக் கற்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் எண் எழுதிச் செருகினேன். எண் போட்டதும் ஏதோ முறையாகச் செய்துவிட்டதுபோல ஒரு நிம்மதி.

ஓட்டுநர் எழுந்து வந்து, "சார், என்ன சார் இது? அக்கா வேணாம்னாகளே!" என்றார். நான் அடுத்த காகிதத்தில் எண் எழுதினேன்.

அவர் அதிகாரியோடு வந்து இறங்கியபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதிகாரியிடம் கைநீட்டிப் பேசிக்கொண்டே வந்தவர், சுவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்து பொந்துக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு சார்?"

"நான்தாம்மா. வேற வழி இல்ல. பொக்லைன் கிட்ட வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கல்லெல்லாம் பொடி ஆகியிருக்கும்."

எப்படி என் வாயில் அது வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்தது, அவ்வளவுதான்.

ஓட்டுநர் ஒரு நொடி என்னையே பார்த்தார். "சார், நான் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணலையே? பன்னு தின்னுக்கிட்டுல இருந்தேன்?"

"ஏண்டா டேய்!" சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். அதிகாரி முன்னால் தன்மேல் பழி வராமல் இருக்க அவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. "பன்னெண்டு மணி வரைக்கும் கை வெக்காதன்னு சொன்னேனா இல்லியா? யாரைக் கேட்டுடா வண்டிய எடுத்த?"

"சத்தியமா எடுக்கலண்ணே. சார், நீங்களே சொல்லுங்க சார்."

நான் சாக்கில் இருந்த கற்களைப் பார்த்துக்கொண்டு, "எடுத்தாருப்பா" என்றேன்.

சர்வேக்காரர் எங்கள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நடந்தார். முந்தின நாள் மழையில் மண் குழைந்து கிடந்தது. இயந்திரத்தின் சங்கிலித் தடம் அதில் அச்சடித்ததுபோலப் பதிந்திருந்தது. தடம் முடிந்த இடம் வரை போனார். அது இயந்திரம் நின்ற இடத்திலேயே முடிந்திருந்தது. அங்கே நின்று திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே அந்த நூறு அடி ஈர மண்ணில் செருப்புத் தடங்களைத் தவிர எதுவும் இல்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அருமையான கல்லுங்க சார். ஆனா இது மணல்ல இருந்துச்சா, மேல சரளையில இருந்துச்சான்னு இப்ப நான் எப்படி எழுதறது? இவங்க எடுத்த போட்டோவுல ரெண்டு விளிம்புதான் தெரியுது. அதை வெச்சு ஒரு வேலையை நிறுத்தச் சொன்னா, என்னைத்தான் கேப்பாங்க. உள்ள இருக்கறப்ப பார்த்திருந்தா எழுதியிருப்பேன்." கற்களை என் கல்லூரிக் காட்சிக்கூடத்துக்கே கொடுத்துவிடச் சொன்னார்.

நான் அந்த முதல் கல்லை எடுத்து சர்வேக்காரரிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இனிமே அது கல்லுதான் சார்" என்றார்.

பகலுக்கு மேல் லாரிகள் வந்தன. ஓட்டுநரை அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஆளை அனுப்ப வேண்டாம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சர்வேக்காரர் மேனேஜரிடம் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மேனேஜர் வேறு ஆளை வைத்து, புதன்கிழமைக்குள் அந்த மேட்டைத் தரைமட்டமாக்கிவிட்டார். வறண்ட காலத்தில் அவர்கள் அங்கே இருந்தார்களா, போனார்களா என்பது யாருக்கும் தெரியாத மண்ணாகக் கிடங்குக்கு அடியில் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் பிற்பகல் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றார். வெயிலில் வந்த களைப்பு. துண்டைக் கட்டியிருக்கவில்லை. துண்டில்லாமல் பார்த்தபோதுதான் அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

"பொக்லைன்காரரு ஆறு மணி பஸ்சுல ஊருக்குப் போறாரு சார். வேற காண்டிராக்டுல கேட்டுப் பாத்தாரு. சொன்ன பேச்சு கேக்காத ஆளுன்னு எல்லா இடத்துலயும் மேனேஜர் சொல்லி வெச்சிருக்காரு. யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தடம் எங்க நின்னுச்சுன்னு நான் பாத்தேன். அதை நீங்களும் பாத்தீங்க. நான் சொன்னா மேனேஜர் கேக்க மாட்டாரு, எனக்கும் அவருக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. ஸ்கூட்டர் கீது. இருங்காட்டுக்கோட்டை போயி அவரையும் கூட்டிக்கினு ஆபீசுக்குப் போயிடலாம். இன்னைக்கு விட்டா அவரு திரும்ப வர மாட்டாரு."

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்மா. காலையில டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். நாளைக்கு மேனேஜருக்கு போன் பண்றேன்."

"போன் வேணாம் சார். நேர்ல சொல்லணும். பொக்லைன்காரரு முன்னால சொல்லணும்."

"பாக்கறேம்மா."

"சட்டை போட்டுக்கினு வாங்க. நான் நிக்கிறேன்."

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். கூடத்து ஜன்னல் திரை ஓரமாகப் பார்த்தால் தெரு தெரியும். அவர் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. ஒருமுறைகூடக் கேட்டைத் தட்டவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், இவர் தலையசைத்தார். சைக்கிளில் ஒரு பெண் இவரைச் சுற்றிக்கொண்டு போனாள். வெயில் சுவரில் ஏறியது. என் சட்டை நாற்காலி முதுகில்தான் கிடந்தது, கை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. மண்ணுக்குள் இருந்ததை எடுக்க அவ்வளவு விரைந்த கை, அன்றைக்கு மடியிலேயே கிடந்தது.

அவர் நினைத்திருந்தால் தெருவில் நின்று கத்தியிருக்கலாம். அன்றே, அந்தச் சுவரின் முன்னால், எல்லோரையும் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டி என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பல காலம் யோசித்திருக்கிறேன். மரியாதை என்று ஒரு சமயம் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நானாக வெளியே வருவேன் என்று அவர் நம்பியிருக்கிறார். இழுத்து எடுத்தால் அதற்கு மதிப்பில்லை என்று அவருக்குத் தெரியும்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வீட்டை நிமிர்ந்து பார்ப்பார் என்று ஜன்னலிலிருந்து பின்வாங்கினேன். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஓட்டுநர் ஊரோடு போனார் என்று கேள்வி. சர்வேக்காரர் சில மாதங்களில் இந்தப் பக்கத்து வேலையை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அந்த மேனேஜர் இன்றும் வழியில் பார்த்தால் எனக்கு வணக்கம் வைக்கிறார்.

அன்று ஆறு மணி ஆகும் வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பியிருக்கும் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் எழுந்து சட்டையை மாட்டினேன். பொத்தான் போட்டேன், கேட்டைத் திறந்தேன், தெருமுனை வரை நடந்தேன். போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக.